ரிக்கார்டோவின் நான்கு எண்களும் நூல் நூற்ற பெண்களும்

100, 120, 80, 90. பொருளியல் படித்தவர்கள் இந்த நான்கு எண்களை ஏதாவது ஒரு பாடப்புத்தகத்தில் கடந்து வந்திருப்பார்கள். டேவிட் ரிக்கார்டோ 1817இல் வெளியிட்ட 'அரசியல் பொருளாதாரம், வரிவிதிப்பு ஆகியவற்றின் கோட்பாடுகள்' நூலின் ஏழாம் அத்தியாயத்தில் இவை வருகின்றன. குறிப்பிட்ட அளவு துணியை உருவாக்க இங்கிலாந்தில் 100 ஆண்களின் ஓராண்டு உழைப்பு வேண்டும். குறிப்பிட்ட அளவு திராட்சை மதுவுக்கு 120 ஆண்களின் உழைப்பு வேண்டும். போர்ச்சுகலில் அதே மதுவுக்கு 80 பேரும் அதே துணிக்கு 90 பேரும் போதும். ஆக இரண்டு வேலையிலும் போர்ச்சுகல்தான் கெட்டிக்கார நாடு. அப்படியிருந்தும் இங்கிலாந்து துணியை மட்டும், போர்ச்சுகல் மதுவை மட்டும் செய்து மாற்றிக்கொண்டால் இருவருக்கும் லாபம் என்று ரிக்கார்டோ காட்டினார்.

கூட்டிப் பார்த்தால் புரியும். தனித்தனியாக இரண்டையும் செய்தால் இங்கிலாந்துக்கு 220 பேர் உழைப்பு, போர்ச்சுகலுக்கு 170 பேர் உழைப்பு, ஆக மொத்தம் 390. பிரித்துக்கொண்டால் இங்கிலாந்து இரண்டு பங்கு துணிக்கு 200 பேரோடும், போர்ச்சுகல் இரண்டு பங்கு மதுவுக்கு 160 பேரோடும் நிற்கலாம். மொத்தம் 360. துணியும் மதுவும் ஒரு துளி குறையாமல், 30 பேருடைய ஓராண்டு உழைப்பு மிச்சமாகிறது. இதற்குத்தான் 'ஒப்பீட்டு நன்மை' என்று பெயர்.

இந்தக் கணக்கில் பிழை இல்லை. பெண்ணியவாதிகளான நாம் சில நேரங்களில் பொருளியல் கோட்பாடுகளை 'முதலாளிகளின் கட்டுக்கதை' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம். தள்ளிவிட்ட பிறகு, நம் வீட்டிலும் ஆலையிலும் நாட்டுக் கொள்கையிலும் அதே கோட்பாடு வந்து உட்காரும்போது பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறோம். ஆகவே இந்தக் கட்டுரை இரண்டு கோட்பாடுகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் எது நமக்கு உதவும், எது நம்மை ஏமாற்றும் என்று பிரித்துப் பார்க்க முயல்கிறது. ஒன்று ரிக்கார்டோவின் ஒப்பீட்டு நன்மை. இன்னொன்று அதன் கூடப்பிறந்தது போல வளர்ந்த பயன்வாதம்.

கணக்கின் பலம்

முதலில் பலத்தைச் சொல்லிவிடலாம். ரிக்கார்டோவின் கருத்தில் ஒரு ஜனநாயகம் இருக்கிறது. எதிலும் முதலிடம் பெறாத நாட்டுக்கும் உலகச் சந்தையில் ஓர் இடம் உண்டு என்கிறது அது. யாரையும் 'எதற்கும் உதவாதவர்' என்று ஒதுக்கத் தேவையில்லை. ஏழை நாட்டோடு வணிகம் செய்தால் நாம் கெட்டுப்போவோம் என்று பணக்கார நாட்டு அரசியல்வாதிகள் போடும் கூச்சலுக்கு இன்றும் இதைவிடத் தெளிவான மறுப்பு கிடையாது. 1974 முதல் 2004 முடியும்வரை ஏழை நாடுகளிலிருந்து வரும் ஆடைகளுக்குப் பணக்கார நாடுகள் ஒதுக்கீட்டு வரம்பு விதித்திருந்தன. பல்லிழை ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். தடையற்ற வணிகத்தின் பெருமையை நமக்குப் போதித்த நாடுகள், நம் பெண்கள் தைத்த சட்டை தங்கள் துறைமுகத்தில் இறங்கும்போது மட்டும் ரிக்கார்டோவை மறந்துவிட்டன. அந்த இரட்டை வேடத்தைக் கேள்வி கேட்கவும் இந்தக் கோட்பாடுதான் உதவியது.

இனி இந்த எண்கள் எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று பார்ப்போம்.

மிச்சமான 30 பேரின் உழைப்பு யாருக்குப் போகிறது? அதை எண்கள் தாமே சொல்வதில்லை. ரிக்கார்டோ ஒரு பங்கு துணிக்கு ஒரு பங்கு மது என்று மாற்று விகிதத்தை வைத்தார். அதன்படி இங்கிலாந்துக்கு 20, போர்ச்சுகலுக்கு 10. விகிதம் மாறினால் பங்கும் மாறும். இரு நாட்டுத் தேவைகளும் சேர்ந்துதான் அந்த விகிதத்தை நிர்ணயிக்கும் என்பதைப் பின்னால் ஜான் ஸ்டூவர்ட் மில்தான் விரித்துச் சொன்னார். அதாவது 'இருவருக்கும் லாபம்' என்பது உண்மை. 'இருவருக்கும் நியாயம்' என்பது வேறு கேள்வி. அது பேரபலத்தைச் சார்ந்தது.

அடுத்தது, போர்ச்சுகலில் துணி நெய்துகொண்டிருந்த 90 பேர். கணக்கில் அவர்கள் ஒரே இரவில் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். தறி தெரிந்த கைக்குக் கொடி கவாத்து செய்யத் தெரியுமா, தோட்டம் இருக்கும் ஊருக்குக் குழந்தையோடு குடிபெயர முடியுமா, அங்கே வேலைக்குச் சேர்த்துக்கொள்வார்களா என்ற கேள்விகளுக்குத் தாளில் இடமில்லை. வரலாற்றிலும் அந்த இரு நாடுகள் தாளில் இருந்ததுபோலச் சந்திக்கவில்லை. 1703இல் கையெழுத்தான மெத்யூன் ஒப்பந்தத்தின்படி ஆங்கிலேயக் கம்பளித் துணி போர்ச்சுகலுக்குள் தாராளமாக நுழைந்தது. போர்ச்சுகல் மதுவுக்கு இங்கிலாந்தில் பிரெஞ்சு மதுவைவிடக் குறைந்த வரி கிடைத்தது. போர்ச்சுகலின் பாதுகாப்புக்கு இங்கிலாந்தின் கடற்படை வேண்டியிருந்தது. 1817இல் ரிக்கார்டோ எடுத்துக்காட்டிய வேலைப்பிரிவினைக்கு முன்பே ஒரு நூற்றாண்டு அரசியல் நடந்து முடிந்திருந்தது.

மூன்றாவது, 'ஆண்கள்' என்ற சொல். ஆங்கிலத்தில் அந்தச் சொல் மனிதர்களைப் பொதுவாகவும் குறிக்கும் என்று விளக்கம் சொல்லலாம். அப்படியே இருக்கட்டும். ஆனால் இயந்திரம் வருவதற்கு முன்பு ஐரோப்பாவில் துணிக்கான நூல் பெரும்பாலும் பெண்களின் கையிலிருந்தே வந்தது. தறியில் உட்கார்ந்த ஒருவருக்கு நூல் கொடுக்கப் பல பெண்கள் இராட்டையில் உட்கார வேண்டியிருந்தது. இன்னும் அடியில் ஒரு விஷயம் இருக்கிறது. உழைப்பாளி உயிர்வாழவும் தன் இனத்தைக் குறையாமல் பெருக்கவும் போதுமான கூலியே உழைப்பின் இயற்கை விலை என்று அதே நூலில் ரிக்கார்டோ வரையறுக்கிறார். அந்தக் கூலியில் உணவும் துணியும் வாங்கலாம். உணவைச் சமைப்பது, துணியைத் துவைப்பது, பிள்ளையைப் பெற்று வளர்த்து அடுத்த 100 பேரில் ஒருவனாக அனுப்பிவைப்பது யாருடைய ஓராண்டு உழைப்பு? அது நான்கு எண்களில் ஒன்றிலும் சேரவில்லை.

ஒரு பதில் கடிதம்

ரிக்கார்டோவின் நூல் வந்து 11 ஆண்டுகள் கழித்து, 1828இல், 'சமாச்சார் தர்ப்பண்' என்ற வங்காளி வார இதழில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர் நூல் நூற்றுப் பிழைத்த ஒரு விதவை. 22 வயதில் கணவனை இழந்தார். மூன்று பெண் குழந்தைகள். வீட்டு வேலை முடித்து இராட்டையில் உட்கார்ந்தார். நெசவாளர்கள் வீடு தேடி வந்து நூலை வாங்கிப் போனார்கள். கேட்டபோது முன்பணமும் கொடுத்தார்கள். சிறுகச் சேர்த்த 28 ரூபாயில் ஒரு மகளுக்குக் கல்யாணம் செய்தார். அதே போல மற்ற இருவருக்கும். இப்போது மூன்று ஆண்டுகளாக நெசவாளர்கள் வருவதில்லை. சந்தைக்கு அனுப்பினாலும் பழைய விலையில் கால்பங்குகூடக் கிடைப்பதில்லை. விசாரித்தபோது, சீமை நூல் வந்து இறங்குகிறது என்றார்கள்.

இதுவரை இது ஒரு முறையீடு. அதன் பிறகு அவர் எழுதியிருப்பதுதான் வியப்பு. சீமையில் எல்லோரும் பணக்காரர்கள் என்று நினைத்திருந்தேன், என்னைவிட ஏழையான பெண்கள் அங்கேயும் இருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது என்கிறார். இவ்வளவு பாடுபட்டு நூற்ற நூலை அங்கே விற்க முடியாமல்தானே இவ்வளவு தூரம் அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர் மனம் போகிறது. அந்த நூல் இயந்திரத்தில் நூற்றது என்பது அவர் எழுத்தில் இல்லை. ஆனால் லங்காஷயர் ஆலைகளில் நூலுக்குப் பின்னால் நின்றவர்கள் பெண்களும் சிறுவர் சிறுமியரும்தான் என்பதை நாம் அறிவோம். அவர் பிழையான தகவலிலிருந்து சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

ஒப்பீட்டு நன்மையின் மொழியில் சொன்னால், நூல் நூற்பதில் வங்காளத்துக்கு இருந்த நன்மை இங்கிலாந்துக்கு 'மாறிவிட்டது'. வங்காளம் அவுரியும் பருத்தியும் விளைவிக்கலாம். மொத்தக் கணக்கில் துணி மலிந்தது, வாங்குபவர்களுக்கு லாபம். அந்த விதவை வேறு வேலைக்குப் போகலாம். விதவைக்கு வெளியே போய் வேலை செய்யும் உரிமை எவ்வளவு இருந்தது, நிலம் யார் பெயரில் இருந்தது என்பதையெல்லாம் கோட்பாடு கேட்பதில்லை. உழைப்பு நாட்டுக்குள் தடையின்றி நகரும் என்பது அதன் அடிப்படை அனுமானம். சாதியும் வைதவ்வியமும் வீட்டு வாசலும் அந்த நகர்வை எங்கெல்லாம் நிறுத்துகின்றன என்பதை நம் பெண்கள் ஒவ்வொருவரும் அறிவார்கள்.

ரிக்கார்டோவுக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். 1821இல் வந்த மூன்றாம் பதிப்பில் இயந்திரங்களைப் பற்றி ஓர் அத்தியாயம் சேர்த்தார். இயந்திரம் எல்லா வகுப்பினருக்கும் நன்மை செய்யும் என்ற தன் பழைய கருத்து தவறு, அது உழைப்பாளிகளுக்குக் கேடாகவும் முடியலாம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவர் பெயரைச் சொல்லி வணிக ஒப்பந்தம் போடுகிறவர்கள் இந்த அத்தியாயத்தை அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை.

ஒருவருக்கு ஒன்று

இனி பயன்வாதம். ஜெரமி பெந்தாம் 1789இல் வெளியிட்ட நூலில் ஒரு செயல் சரியா தவறா என்பதை அது விளைவிக்கும் இன்பத்தையும் துன்பத்தையும் வைத்தே அளக்க வேண்டும் என்றார். அதிகம் பேருக்கு அதிக மகிழ்ச்சி என்று அதை நாம் சுருக்கமாக அறிகிறோம். இந்தக் கோட்பாட்டின் கூர்மை இரண்டு இடத்தில் இருக்கிறது. சாஸ்திரம் சொல்கிறது, வழக்கம் அப்படி, குலப்பெருமை கெடும் என்ற வாதங்களை அது ஏற்பதில்லை. யாருக்கு வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று மட்டுமே கேட்கிறது. கூடவே, கணக்கில் அரசனும் ஒன்று, தோட்டியும் ஒன்று. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பெண்ணடிமைக்கு ஒரு நியாயமும் மிஞ்சாது.

ஆனால் ஆண்கள் அந்தக் கணக்கை எப்படிப் போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். ரிக்கார்டோவை நூல் எழுதும்படி விடாமல் தூண்டிய நண்பர் ஜேம்ஸ் மில், பெந்தாமின் முதன்மைச் சீடர். அவர் 1820இல் எழுதிய 'அரசாங்கம்' என்ற கட்டுரையில், பெண்களுக்குத் தனியே வாக்குரிமை வேண்டியதில்லை, அவர்களுடைய நலன் தந்தையின் நலனிலோ கணவனின் நலனிலோ அடங்கிவிடுகிறது என்றார். ஒருவருக்கு ஒன்று என்று எண்ணத் தொடங்கியவர், பாதி மனிதகுலத்தை ஒரே வரியில் இன்னொருவர் கணக்கில் எழுதிவிட்டார்.

இதற்குப் பதில் வந்ததும் பயன்வாத முகாமிலிருந்துதான். அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் தாம்ப்சன், தோழி அன்னா வீலரின் சிந்தனைகளோடு சேர்த்து 1825இல் ஒரு முழு நூலே எழுதினார். மனிதகுலத்தின் ஒரு பாதியான பெண்களின் முறையீடு என்பது அதன் தலைப்பின் தொடக்கம். அதில் உள்ள சிந்தனைகள் பல வீலருக்கு உரியவை என்று தாம்ப்சன் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். கணவனின் நலனில் மனைவியின் நலன் அடங்கும் என்றால், தந்தையும் கணவனும் இல்லாத பெண்களின் நலன் எங்கே அடங்கும் என்று அந்நூல் கேட்டது. வங்காளத்து விதவை அப்போது இராட்டையோடு இருந்தார். ஜேம்ஸ் மில்லின் மகன் ஜான் ஸ்டூவர்ட் மில் 1867இல் நாடாளுமன்றத்தில் வாக்குரிமைச் சட்டத்தில் உள்ள 'ஆண்' என்ற சொல்லை 'நபர்' என்று மாற்றத் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவாக 73 வாக்குகள் விழுந்தன, திருத்தம் தோற்றது. தந்தையின் கோட்பாட்டைக் கொண்டே தந்தையின் முடிவை மகன் எதிர்த்தார்.

பயன்வாதத்தின் பலவீனங்களும் நமக்கு அந்நியமல்ல. மொத்தத்தைப் பார்க்கும்போது பங்கு மறைந்துவிடும். பத்துப் பேர் வசதிக்காக ஒருவர் தேய்ந்தாலும் கூட்டுத்தொகை அழகாகவே வரும். குடும்ப நன்மைக்காக என்று நம் வீடுகளில் பெண்ணின் படிப்பு நிறுத்தப்படுவதும் இதே கணக்கில்தான். இன்னொரு பலவீனத்தை அமர்த்தியா சென்னும் மார்த்தா நஸ்பாமும் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். நெடுங்காலம் ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் ஆசைகளைச் சுருக்கிக்கொள்கிறார்கள். கிடைத்ததில் திருப்தி என்கிறார்கள். திருப்தியை மட்டும் அளக்கும் கோல், அந்தச் சுருங்கிய ஆசையையே மகிழ்ச்சி என்று குறித்துக்கொள்ளும். 'எனக்கென்ன குறை' என்று ஒரு பெண் சொல்வது குறையின்மைக்குச் சான்று ஆகிவிடாது.

எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள்

வணிகக் கோட்பாடும் பயன்வாதமும் ஒன்றாகப் பின்னிய வரலாற்றில் ஒரு திருப்பம் இருக்கிறது. இந்த இடத்தை மாணவிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பழைய பயன்வாதத்தில் ஏழைகளுக்குச் சாதகமான ஒரு கூறு இருந்தது. பணக்காரர் கையில் கூடும் ஒரு ரூபாய் தரும் இன்பத்தைவிட ஏழையின் கையில் சேரும் ஒரு ரூபாய் தரும் இன்பம் அதிகம் என்பதைப் பெந்தாமே சொல்லியிருந்தார். அப்படியானால் ஏழையிடமிருந்து ஒரு ரூபாயைப் பறித்துப் பணக்காரருக்கு ஒன்றேகால் ரூபாய் லாபம் தரும் கொள்கை, கூட்டுத்தொகையில் லாபமாகத் தெரிந்தாலும் மகிழ்ச்சிக் கணக்கில் நட்டமாகலாம்.

1932இல் லயனல் ராபின்ஸ், ஒருவரின் இன்பத்தை இன்னொருவரின் இன்பத்தோடு ஒப்பிடுவது அறிவியல் அல்ல என்று வாதிட்டார். 1939இல் நிக்கோலஸ் கால்டாரும் ஜான் ஹிக்ஸும் வேறொரு வழி சொன்னார்கள். ஒரு கொள்கையால் லாபமடைந்தவர்கள், நட்டமடைந்தவர்களுக்கு ஈடுகொடுத்த பிறகும் லாபத்தில் இருக்க முடியும் என்றால் அந்தக் கொள்கை மேம்பாடுதான். ஈடு கொடுக்க முடியும் என்றால் போதும். உண்மையில் கொடுக்க வேண்டியதில்லை!

இப்படியாகப் பொருளியல் பயன்வாதத்திலிருந்து கூட்டலை வைத்துக்கொண்டது. ஒருவரின் வலியை இன்னொருவரின் சுகத்தோடு ஒப்பிடும் கடமையை விட்டுவிட்டது. 'வணிகத்தால் நாட்டுக்கு நன்மை' என்ற வாக்கியம் இன்று பெரும்பாலும் இந்தப் பொருளில்தான் சொல்லப்படுகிறது. நாட்டில் யாரோ ஒருவர், யாரோ இன்னொருவருக்கு, விரும்பினால் ஈடுகட்ட முடியும். அவ்வளவுதான். ராபின்ஸ் முடியாது என்று சொன்ன ஒப்பீட்டை அந்த நூற்புக்காரப் பெண் 1828இலேயே செய்திருந்தார். தன் பசியையும் கண்ணால் காணாத சீமைப் பெண்ணின் பசியையும் பக்கத்தில் வைத்து, யாருடையது அதிகம் என்று கேட்டார்.

நன்மை எங்கிருந்து வருகிறது

ரிக்கார்டோவின் எடுத்துக்காட்டில் போர்ச்சுகலுக்கு வெயில் இருக்கிறது, அதனால் மது என்று நமக்குத் தோன்றும். நன்மை இயற்கை தந்தது என்ற எண்ணம் அப்படித்தான் வருகிறது. இலங்கை மலையகத்தில் தேயிலைக்கு ஏற்ற குளிரும் மழையும் உண்டு, உண்மைதான். ஆனால் கொழுந்து பறிக்கும் கை மலையில் முளைக்கவில்லை. தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி வந்த குடும்பங்கள் லயங்களில் குடிவைக்கப்பட்டதால் வந்தது. கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்களின் வேலையாக இருந்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டிய அந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள். ஏற்றுமதிக் கணக்கில் அவர்கள் ஒப்பீட்டு நன்மை. குடிமக்கள் கணக்கில் ஒருவருக்கு ஒன்று என்றுகூட எண்ணப்படவில்லை.

1981இல் டயன் எல்சனும் ரூத் பியர்சனும் எழுதிய கட்டுரை இந்த 'இயற்கை' என்ற சொல்லைத்தான் உடைத்தது. ஏற்றுமதி ஆலைகள் இளம்பெண்களை விரும்புவதற்குக் காரணம் அவர்களின் சுறுசுறுப்பான விரல்களும் பணிவும் என்று அப்போது பேசப்பட்டது. அந்த விரல்களின் பயிற்சி எங்கே நடந்தது என்று இருவரும் கேட்டார்கள். வீட்டில், தாயின் அருகில், சிறு வயது முதல் தைத்தும் முடைந்தும் கற்றது அது. பயிற்சிக்குச் சான்றிதழ் இல்லை, கூலியும் இல்லை. அதனால் ஆலையில் அதற்குத் 'திறனற்ற வேலை' என்று பெயர். மலிவான உழைப்பு என்பது ஏற்கெனவே கொடுக்காமல் விட்ட கூலிதான்.

அதே 1981இல் கேரி பெக்கரின் குடும்பம் பற்றிய நூலும் வந்தது. ஒப்பீட்டு நன்மையை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்தார். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு வேலையில் தேர்ந்துகொண்டால் குடும்பத்தின் மொத்தப் பலன் கூடும். ஆரம்பத்தில் சிறிய வேறுபாடு இருந்தாலும் போகப் போக அது பெரிதாகும் என்றார். அந்தக் கடைசிப் பகுதி அவர் நினைத்ததைவிட உண்மை. பத்தாண்டு சந்தையில் வேலை பார்த்தவரின் திறனை எங்கும் விற்கலாம். பத்தாண்டு ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டவரின் திறன் அந்த வீட்டுக்கு வெளியே விலைபோகாது. மண உறவு முறிந்தால் ஒருவர் நன்மையோடு வெளியேறுவார், மற்றவர் வெறுங்கையோடு. 'அவர் சம்பாதிக்கட்டும், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்' என்று முடிவெடுக்கும் ஒவ்வொரு பெண்ணும் போர்ச்சுகலின் இடத்தில் நிற்கிறார். மொத்தம் கூடுகிறதா என்பதோடு, நாளைக்கு ஒப்பந்தம் முறிந்தால் என் கையில் என்ன இருக்கும் என்பதையும் அவர் கேட்டாக வேண்டும்.

இரண்டாவது நூற்புக்காரி

கோவை, ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று பரவியது. திருமகள் திருமணத் திட்டம் என்றும், கேம்ப் கூலி என்றும் அதைச் சொல்வார்கள். வறண்ட மாவட்டங்களின் ஏழைக் குடும்பங்களிலிருந்து, பெருமளவு தலித் குடும்பங்களிலிருந்து, திருமணமாகாத பெண்களைப் பெரும்பாலும் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதிக்கு அழைத்து வந்தார்கள். மாதாமாதம் குறைந்த தொகை. மூன்றாண்டு முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. நடுவில் உடம்பு முடியாமல் திரும்பினால் அந்தத் தொகை கைக்கு வராமல் போவதும் உண்டு. வெளியே போக, வீட்டோடு பேசக் கட்டுப்பாடு.

பயன்வாதத்தை மேலோட்டமாகப் போட்டால் எல்லோருக்கும் லாபம். ஆலைக்கு ஆள், பெற்றோருக்குக் கல்யாணச் செலவு, வெளிநாட்டில் மலிவான உடுப்பு, பெண்ணுக்கும் அவள் ஒப்புக்கொண்ட தொகை. ஆனால் அந்தத் தொகை என்ன? அவள் மாதாமாதம் வாங்கியிருக்க வேண்டிய கூலி. அதை ஏன் மொத்தமாக வாங்க ஒப்புக்கொண்டாள்? வரதட்சணை என்ற சட்டவிரோதச் செலவு அவள் தலையில் இருந்ததால். திருப்பூர் பனியனுக்கு உலகச் சந்தையில் உள்ள ஒப்பீட்டு நன்மையில் ஒரு பங்கு மழை பொய்த்த நிலத்திலிருந்தும், ஒரு பங்கு சாதியிலிருந்தும், ஒரு பங்கு வரதட்சணையிலிருந்தும் வருகிறது. 1828இல் வணிகம் ஒரு பெண்ணை இராட்டையிலிருந்து எழுப்பி வெளியே அனுப்பியது. இருநூறு ஆண்டு நெருங்கும்போது அதே வணிகம் இன்னொரு பெண்ணை நூற்பு இயந்திரத்துக்கு அழைத்து வந்தது. இரண்டு பேரின் கூலியும் ஒரே இடத்துக்குத்தான் போனது. ஒருத்தி மகள்களின் கல்யாணத்துக்கு. மற்றவள் தன் கல்யாணத்துக்கு.

கை சுத்தமும் விளைவும்

அப்படியானால் ஏற்றுமதியே வேண்டாம், ஆலைகளை மூடுங்கள் என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் பயன்வாதத்தின் பிடிவாதமான கேள்வி நமக்குத் தேவைப்படுகிறது. பிறகு என்ன ஆகும்? 1990களின் தொடக்கத்தில் குழந்தை உழைப்பில் உருவான பொருட்களைத் தடைசெய்யும் மசோதா அமெரிக்காவில் முன்வைக்கப்பட்டது. அது சட்டமாகும் முன்பே வங்கதேச ஆடை ஆலைகள் பயந்துபோய்ப் பல்லாயிரம் குழந்தைகளை வெளியேற்றின. அவர்களில் பலர் பள்ளிக்குப் போகவில்லை. கல் உடைக்கவும் தெருவில் பிழைக்கவும் பாலியல் தொழிலுக்கும் போனார்கள் என்பதை யூனிசெஃப் 1997இல் பதிவு செய்தது. தடை கேட்டவர்களின் கை சுத்தமாக இருந்தது. குழந்தைகளின் நிலை மோசமானது.

நைலா கபீர் டாக்காவின் ஆடைத் தொழிலாளிப் பெண்களோடு பேசி எழுதியதும் இதை ஒட்டியதே. கட்டுப்பாடான வீட்டிலிருந்து வெளியே வர, தன் பணம் என்று ஒன்றைத் தொட, வீட்டில் ஒரு சொல் சொல்ல அந்த வேலை பலருக்கு வழிவிட்டது. அந்தப் பெண்களுக்காக மேற்கு நாட்டில் புறக்கணிப்பு நடத்துவோர் அவர்களிடம் முதலில் கேட்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆலை வேலை மோசமானது; அதற்கு மாற்றாக அவளுக்கு உண்மையில் எது இருக்கிறது என்பதும் கேள்விதான்.

ஆனால் இந்த வாதத்தையே கேடயமாக்குபவர்கள் இருக்கிறார்கள். வேறு வழி இல்லாததால் வந்தாள், ஆகவே விரும்பி வந்தாள் என்பார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளிகள் மட்டும் உள்ளே அழைக்கப்பட்டார்கள். ஒரே விரிசலைப் பார்த்து வங்கி ஊழியர் வீட்டுக்குப் போக முடிந்தது. தையல்காரப் பெண்ணால் முடியவில்லை. அந்த வேறுபாட்டை 'விருப்பம்' என்ற சொல் மூடிவிடக் கூடாது.

அதன் பிறகு சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றில் பன்னாட்டு ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்டன. பாதுகாப்பு கேட்டால் தொழில் வேறு நாட்டுக்கு ஓடிவிடும் என்றார்கள். வங்கதேச ஆடை ஏற்றுமதி தொடர்ந்து வளர்ந்தது. நம் பக்கத்திலும் ஒரு சான்று உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டாரத்தில் ஆடை ஆலைத் தொழிலாளியான ஒரு தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். அங்கு மேற்பார்வையாளராக இருந்தவர் கைதானார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் ஓராண்டுக்கு மேல் போராடி 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றது. பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க ஆலைக்குள்ளேயே பயிற்சி பெற்ற தொழிலாளிகள் கண்காணிப்பது அதில் ஒரு பகுதி. பன்னாட்டு நிறுவனங்களையும் அது கட்டுப்படுத்துகிறது. அந்தப் பெண்கள் ஏற்றுமதியை எதிர்க்கவில்லை. மிச்சமாகும் 30 பேரின் உழைப்பில் தங்கள் பங்கையும், ஒருவருக்கு ஒன்று என்ற எண்ணிக்கையில் தங்கள் இடத்தையும் கேட்டார்கள்.

ஆகவே இரண்டு கோட்பாடுகளையும் நாம் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒப்பீட்டு நன்மை என்று யாராவது சொன்னால், அந்த நன்மை எதனால் ஆனது, மிச்சம் யாரிடம் சேர்கிறது, வேலை இழந்தவருக்கு ஈடு உண்மையில் கொடுக்கப்பட்டதா என்று கேட்போம். மொத்த நன்மை என்று சொன்னால், யார் வலியை யார் சுகத்தோடு கூட்டினீர்கள், ஊதியமில்லாத உழைப்பைச் சேர்த்தீர்களா, ஒப்புக்கொண்டவளுக்கு மறுக்கும் வசதி இருந்ததா என்று கேட்போம். தேர்வில் ரிக்கார்டோவின் அட்டவணையைப் போடும் மாணவி அதை முழுமையாகப் போட்டு முழு மதிப்பெண்ணும் வாங்கட்டும். அட்டவணைக்கு அடியில் ஐந்தாவதாக ஒரு வரி எழுத இடம் இருக்கிறது. வங்காளத்து விதவை தொடங்கிவைத்த அந்த வரியில் நூற்றவர்களின் ஓராண்டு உழைப்பும், அவர்களைப் பெற்று வளர்த்தவர்களின் உழைப்பும் சேர வேண்டும்.